அநுமதியும் நீதியும்

விழா மலர்களிற் பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று ஆசிரியர் பெருமை. மற்றையது விளையாட்டுக் களத்து வெற்றி. இரண்டும் வேண்டுவனவே. அவற்றைச் சுவைபட எழுத வல்லார் பலர் உளராதலின், நாம் அத்துணை இனியதல்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைகளுள் ஒருவனை உள்ளே அழைத்து இன்னொருவனைத் திருப்பி அனுப்பும்போது எந்தக் கோலால் அளக்கின்றோம், அந்தக் கோல் நேரியதுதானா என்பதே அப்பொருள்.

அநுமதியில் அநீதி என்றவுடன் எம்மவர் நினைவு செல்லும் இடம் ஒன்றே. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் அக்காலத்திற் பரீட்சை எழுதியோர் இன்றும் முகம் சுளிப்பர். அன்று பிறவாதோரும் சுளிப்பர். சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லினுள்ளே தம்முள் வேறான இரண்டு காரியங்கள் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்துப் பாராமையால் எம் சமூகத்தின் நியாயமான முறைப்பாடு வலிகுன்றிற்று என்பதும் எமது துணிபு.

முதற் காரியம் 1971ஆம் ஆண்டு அநுமதியில் நிகழ்ந்தது. பொறியியற் பகுதிக்குச் சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதியவனுக்கு 400 புள்ளிகளுள் 227 போதுமாயிருந்தது. தமிழ் மொழி மூலம் எழுதியவனுக்கு 250 வேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு முறையே 229, 250. பௌதிக விஞ்ஞானத்திற்கு 183, 204. உள்ளே புகுந்தபின் பொறியியலும் மருத்துவமும் இருசாராருக்கும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்பட்டன என்பதையும் இங்கு நினைத்தல் தகும். தமிழ்ப் பரீட்சகர் புள்ளிகளை வாரி வழங்கினர் என்றொரு பேச்சு அந்நாளில் எழுப்பப்பட்டது. அஃது உண்மையாயின் விடைத்தாள்களை மீளத் திருத்துவித்திருக்கலாம், திருத்தியவரை விசாரித்திருக்கலாம். அவற்றை விடுத்து, எழுதிய மாணவன் தலையில் இருபத்துமூன்று புள்ளிப் பாரத்தை ஏற்றியது எவ்வகை நீதி?

பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவவே இவ்வாறு செய்தனர் என்பாரும் உளர். அவர்க்கு நாம் ஒன்று கூறுவோம். கொழும்பு மாநகரின் மிகப் பெரிய கல்லூரியில், குறைவற்ற ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற சிங்கள மாணவனுக்கும் வேண்டியது 227 தான். மட்டக்களப்புப் படுவான்கரையில், இரசாயனக் குடுவையைப் படத்தில் மாத்திரம் கண்ட தமிழ் மாணவனுக்கும் வேண்டியது 250 தான். தமிழ் மூலம் கற்ற முஸ்லிம் பிள்ளைகளும் அதே பாரத்தைச் சுமந்தனர். ஆகவே அந்த அளவுகோல் வறுமையை அளக்கவில்லை, வசதியையும் அளக்கவில்லை. பிள்ளை எந்த வீட்டிற் பிறந்து எந்த மொழியிற் பேசத் தொடங்கினான் என்பதையே அளந்தது. மாணவன் எத்துணை முயன்றாலும் மாற்றவொண்ணாத ஒன்றை அவனுக்கெதிராக எழுதி வைப்பதற்கு இனப் பாகுபாடு என்பதன்றி வேறு பெயர் இல்லை. பரீட்சை முடிந்து பெறுபேறு தெரிந்தபின்னரே விதி வகுக்கப்பட்டது என்பது அதனினும் பெருங் குற்றம். ஓடி முடிந்தபின் கோட்டை நகர்த்துவது போன்றது அது.

இரண்டாவது காரியம் இதனின் வேறானது. 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைக் கணித முறையாற் சமன்செய்யும் ஏற்பாடு வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு அதனோடு சேர்ந்தது. 1976இல் நூற்றுக்கு 70 இடம் புள்ளிக்கும் 30 மாவட்டத்திற்குமாகத் திருத்தினர். 1979இல் மறுபடியும் மாற்றினர். இன்று கலைத்துறை நீங்கலாக ஏனைய துறைகள் பெரும்பாலனவற்றில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 இடம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 இடம் கல்வியிற் பின்தங்கியன எனக் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கும் உரியன. நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 7 அளவினதாகிய வட மாகாணம் 1969இல் விஞ்ஞானத் துறைகளுக்குப் புகுந்தோரில் நூற்றுக்கு 27.5 பேரை அனுப்பியது. 1974இல் அத்தொகை 7 ஆகச் சுருங்கிற்று. ஐந்தாண்டுக்குள் நேர்ந்த இவ்வீழ்ச்சியை ஒரு தலைமுறை இளைஞர் எவ்வாறு ஏற்றனர் என்பதும், அதன்பின் இந்நாடு எவ்வழிச் சென்றது என்பதும் இம்மலரை வாசிப்போர் எவருக்கும் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வீழ்ச்சியின் துயரத்தில் எம்மவர் மாவட்டப் பங்கீட்டையும் மொழிப் பாகுபாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தனர். அது பொருந்தாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பெற்ற புள்ளி அவர்தம் உழைப்பின் பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் உழைப்பு மாத்திரமோ? 1823இலேயே வட்டுக்கோட்டையிற் செமினரி தோன்றிற்று. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமாரும் அவர்களுக்கு எதிர்நின்ற சைவப் பெரியாரும் போட்டியிட்டுப் பள்ளிக்கூடம் கட்டியதன் பலன் நூற்றாண்டுக்கு மேலாகக் குடாநாட்டிற் குவிந்தது. வறண்ட நிலமும் சிறிய காணியும் பெற்றோரை உத்தியோகத்தின் பக்கம் தள்ளின. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் அப்படியொரு நூற்றாண்டு வாய்க்கவில்லை. அங்குள்ளோரும் தமிழரே. மாவட்டப் பங்கீட்டினால் முதன்முறையாக ஒரு வைத்தியனையோ பொறியியலாளனையோ கண்ட ஊர்கள் அப்பகுதிகளில் உண்டு. அவர்களிடம் சென்று தரப்படுத்தல் முழுவதும் தமிழர்க்கு இழைத்த கொடுமை என்று நாம் பேசினால், யாழ்ப்பாணத்தான் தன்னையே தமிழன் என்கின்றான் என்று அவர்கள் சிரிப்பதில் வியப்பில்லை.

விதியின் விளையாட்டு ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். பின்தங்கியன என மேலே சொன்ன பதினாறு மாவட்டங்களின் பட்டியலில் இன்று யாழ்ப்பாணமும் இருக்கின்றது. யுத்தமும் இடப்பெயர்வும் எம் கல்லூரிகளை எவ்வாறு ஆக்கின என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஒருகாலத்தில் எவ்வேற்பாட்டை எதிர்த்துக் கூட்டம் கூடினோமோ அதனால் வரும் இடங்களை இன்று எம் பிள்ளைகள் பெறுகின்றனர். அவற்றை வேண்டாமென மறுத்த பெற்றோர் எவரையும் நாம் அறியோம்.

மறுக்காதது மாத்திரமன்று. நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பெற்றோர் பலகாலும் கூறிவரும் முறைப்பாடு ஒன்றுண்டு. வெட்டுப் புள்ளி குறைந்த இடமென்று கண்டு, வெளி மாவட்டத்து வசதியான பிள்ளைகள் அங்கே பெயர் பதிந்து பரீட்சைக்குத் தோற்றுகின்றனர் என்பதே அது. வன்னியிலும் இக்குரல் எழுந்ததுண்டு. பாடசாலையிற் பயின்ற காலத்தைக் கணக்கிட்டு மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி இருந்தும், விதிக்கு வழி கண்டுபிடிப்போர் உளர். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். அவர்தம் பிள்ளைக்கென ஒதுக்கிய இருக்கையில், தனிப்பாட ஆசிரியர் மூவரை வைத்துப் படித்த பிள்ளை அமர்வது 1971இன் அநீதிக்கு எவ்வகையிற் குறைந்தது? அது சட்டத்தால் நிகழ்ந்தது, இது தந்திரத்தால் நிகழ்கின்றது என்பதே வேற்றுமை.

கடல் கடந்த நாடுகளிலுள்ள எம் கிளைச் சங்கத்தினர்க்கும் இவ்வழக்குப் புதியதன்று. அவர்தம் பேரப்பிள்ளைகளும் இன்று தெரிவுப் பாடசாலைகளின் வாயிலில் நிற்கின்றனர். அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்து பெயர்பாக்ஸ் கவுண்டியிலுள்ள தோமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி அரசாங்கச் செலவில் நடப்பது. விஞ்ஞானக் கல்விக்குப் பெயர்போனது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அதன் நிருவாக சபை நுழைவுப் பரீட்சையை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் நூற்றுக்கு 1.5 நிலையில் வரும் மாணவருக்கு இடம் ஒதுக்கிற்று. ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளின் பங்கு நூற்றுக்கு 73 அளவிலிருந்து 54 ஆக இறங்கியது. இது எங்கள் இனத்தைக் குறைக்கச் செய்த சூழ்ச்சி என்று பெற்றோர் வழக்காடினர். கீழ் நீதிமன்றம் 2022இல் அவர் பக்கம் தீர்த்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

அப்பெற்றோர் அச்சத்தை நாம் எளிதாக எண்ணமாட்டோம். சூடு கண்ட பூனையன்றோ நாம்! ஆயினும் 1971இல் எம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றல்ல. அங்கே விண்ணப்பத்தைத் தெரிவோர் பிள்ளையின் பெயரையோ இனத்தையோ காண்பதில்லை. எந்தப் பள்ளியில் எந்தச் சூழலிற் படித்தான் என்பதையே கேட்கின்றனர். விதியும் விண்ணப்பத்திற்கு முன்னரே வெளியாயிற்று. விதி வகுத்தோர் உள்ளத்திலே இனத்தொகையைக் குறைக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் வழக்கின் முடிச்சு. அம்முடிச்சைப் பற்றி நீதிபதிகளே ஒருமனப்படவில்லை. எமக்குத் தோன்றுவது இது: நகரின் ஒரு சில பள்ளிகளே பெரும்பாலான இடங்களை நிரப்பிவந்த நிலை மாறுவதைக் கண்டு, மாறியவுடன் அது இனப்பகை என முடிவுசெய்வது அவசரம். எம் நாட்டு அநுபவத்தை அங்கே கொண்டுசென்று சான்றாகக் காட்டும் அன்பர்கள், 227 - 250 என்ற கணக்கைக் காட்டுகின்றனரா, மன்னாருக்குக் கிடைத்த இடத்தைக் காட்டுகின்றனரா என்பதைத் தெளிந்துகொண்டு பேசுதல் நன்று.

இனி எம் வாயிலுக்கு வருவோம்.

எமக்கு இழைத்த அநீதியை எழுதும்போது எம் முன்னோர் பிறருக்கு இழைத்ததை மறைத்தல் முறையன்று. சைவப் பாடசாலைகள் பலவற்றின் கதவுகள் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. எங்கும் எழுதிய விதி ஒன்றுமில்லை. இடமில்லை என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. உள்ளே விட்டவிடத்தும் தரையிலோ புறம்பான வாங்கிலோ இருத்தினர். 1929ஆம் ஆண்டையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கவேண்டுமென வித்தியாபகுதி வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் வாலிபர் காங்கிரஸ் இதற்கெதிராகப் பாடுபட்டது என்பது எம் சமூகத்திற்கு எஞ்சிய மானம். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் காரியம் மெதுவாகவே நடந்தது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா, ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டிச் சொன்ன சொல்லினாற் பள்ளியை விட்டவர். அவர் பின்னாளில் மல்லிகை என்னும் இதழைப் பலவாண்டு நடத்தி இலக்கியம் வளர்த்தார். அவ்வாறு எழாது அடங்கிப்போனோர் எத்துணையரோ.

இவை பழங்கதை, இன்று கிளறுவானேன் என்று கேட்கும் அன்பர்க்கு விடை சொல்லவே இத்துணையும் எழுதினோம். அரசாங்கப் பாடசாலைகளின் முதலாந் தர அநுமதிக்குப் பல்லாண்டாக வழங்கிவரும் சுற்றுநிருப முறையிலே, நூறு இடங்களுள் 50 அயலில் வசிப்போர்க்கு. 25 பழைய மாணவர் பிள்ளைகளுக்கு. 15 அங்கே பயிலும் பிள்ளைகளின் உடன்பிறந்தோர்க்கு. எஞ்சியவை உத்தியோகத்தர் முதலியோர்க்கு. அந்த இருபத்தைந்தையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும் என்கின்றோம். பாட்டன் வாயிலில் நின்று திரும்பியவன். ஆகவே தந்தை இக்கல்லூரியிற் படிக்கவில்லை. ஆகவே மகனுக்குப் பழைய மாணவர் பிள்ளை என்னும் உரிமை இல்லை. சாதி என்ற சொல் படிவத்தில் எங்கும் இல்லை. இனம் என்ற சொல்லும் இல்லை. ஆயினும் 1930இல் மூடிய கதவு இன்றும் மூடியபடியே நிற்கின்றது. தென்னிலங்கையின் பெருங் கல்லூரிகளிலும் இவ்விதி இதே வேலையைச் செய்கின்றது. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் அதன் வெளிப்புறத்தில் நிற்பதைக் கண்டு எம்மவர் குறைகூறுகின்றனர். இங்கே உட்புறத்தில் நிற்பதனால் குறை கண்ணிற் படுவதில்லை.

பழைய மாணவர் கல்லூரிக்குச் செய்த தொண்டு சிறிதா என்று கேட்பர். சிறிதன்று. யுத்தத்திற் சிதைந்த எத்தனையோ கல்லூரிக் கட்டடங்களை இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து வந்த பணமே நிமிர்த்தியது. அத்தொண்டினை நாம் வணங்குகின்றோம். ஆனால் கைம்மாறாக இடம் கேட்பின் அது தொண்டாகாது, கொள்முதலாகும். மேலும் இச்சுற்றுநிருப முறை பழைய மாணவர் சங்க உறுப்புரிமைக்கும் புள்ளி வழங்குகின்றது. அதனாலேதான் போலும், கல்லூரியை மறந்திருந்த தந்தைமார் சிலர், மகனுக்கு நான்கு வயது நிறையும் பருவத்திலே திடீரெனத் தாய்க்கல்லூரிப் பற்று மீதூர ஆயுட்கால உறுப்பினராகச் சேர்கின்றனர். பொருளாளர் மகிழ்கின்றார், நாம் மகிழ்வதற்கில்லை.

சுற்றுநிருபத்தை மாற்றுதல் எம் சங்கத்தின் கையில் இல்லை. சான்றுப் பத்திரம் வழங்குவது எம் கையில் இருக்கின்றது. உறுப்புரிமைச் சான்றிலே சேர்ந்த திகதியும் செலுத்திய பணமுமன்றி வேறொரு புகழுரையும் எழுதுவதில்லை என்று செயற்குழு தீர்மானிக்கலாம். அநுமதி கருதி அதிபரைச் சந்திக்கச் சங்கத்தின் பெயரால் எவரும் செல்லலாகாது என்றும் தீர்மானிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் எப்பிரிவில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், கடைசியாக உட்புகுந்தவன் பெற்ற புள்ளி யாது என்பதைக் கல்லூரி விளம்பரப் பலகையிற் பெயர் குறியாது வெளியிடுமாறு அதிபரை வேண்டலாம். 1971இல் எம் பிள்ளைகள் விதியைப் பின்னரே அறிந்தனர் என்று முறையிடும் நாம், எம் வாயிலில் நிற்கும் பெற்றோர்க்கு முன்னரே அறிவிப்பதில் தயங்குவதற்கு ஒரு நியாயமுமில்லை.

ஆறாந் தரத்திற்கு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வழியாக வருவோர் வேறு. அப்பரீட்சை கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்த வாயில். கன்னங்கரா அவர்கள் 1945இல் இலவசக் கல்வியை நிலைநாட்டியபோது கருதியதும் அதுவே. ஆனால் வெட்டுப் புள்ளியைத் தாண்டிய வன்னிப் பிள்ளையும் தோட்டப் பிள்ளையும் இங்கு வந்து தங்க இடமில்லாவிடில் அந்த வாயில் படத்தில் எழுதிய வாயிலே. விழா நிதியில் ஒரு பகுதியை நுழைவளைவுக்குச் செலவிடக் கருதியிருப்பதாக அறிகின்றோம். அளவு சிறிதே பொறுக்கலாம். அப்பணத்தைக் கொண்டு விடுதியில் இருபது கட்டில்களை வெளி மாவட்டத்து வறிய பிள்ளைகளுக்கென ஒதுக்கி, உணவும் உடையும் சங்கமே கொடுத்தல் கூடும். முதலாண்டுச் செலவை உள்ளூர் உறுப்பினரும் அடுத்த ஆண்டுகளின் செலவை வெளிநாட்டுக் கிளைகளும் பகிரலாம். விண்ணப்பப் படிவத்தைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருத்தல் பயன் தராது. அத்தகைய வீடுகளில் எம் கல்லூரியின் பெயரையே பலர் கேட்டிரார். பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த வாரத்திலேயே சங்கத்தினர் இருவர் முல்லைத்தீவுக் கரைக்கும், வேறிருவர் நுவரெலியாத் தோட்டங்களுக்கும் நேரிற் சென்று, அதிபர்மாரைக் கண்டு, தாய் தந்தையரோடு பேசி வருதல் வேண்டும். போக்குவரத்துச் செலவை அவரவரே ஏற்க நால்வர் இசைந்துள்ளனர். இன்னும் இருவர் தேவை.